அறுபத்தைந்து ரூபாய்க் கடுதாசி

மட்டுவில்,
1938 பெப்ரவரி 6

அன்புள்ள அத்தானுக்கு றஞ்சிதம் எழுதுவது.

இங்கே நானும் பிள்ளையும் ஐயாவும் அம்மாவும் சுகம். உங்களுக்கு இருமல் என்று போன கடிதத்தில் கண்டேன். நாலு கிளாக்கர்மார் கூடி ஆளுக்கொரு நாள் சமைக்கிற அந்தச் சம்மறி வீட்டில் இருமல் வராவிட்டால்தான் புதினம். கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் இடித்துச் சரை கட்டி அனுப்பியிருக்கிறேன். மற்ற மூன்று பேருக்கும் பங்கு வைக்காமல் நீங்களே குடியுங்கள்.

ஒரு நல்ல செய்தி. வெள்ளவத்தையில் அண்ணர் இருக்கிற தெருவிலேயே சின்ன வீடு ஒன்று காலியாகிறதாம். இரண்டு அறை, குசினி, பின்னால் கிணறு. வாடகை பதினெட்டு ரூபாய். ஆறு மாதக் காசை முன்னுக்குக் கேட்கிறார்கள். சித்திரைக்குள் முடிவு சொல்லவேணுமாம்.

உங்கள் சம்பளம் அறுபத்தைந்தில் மாதம் இருபத்தைந்தை முதலாளியிடமே விட்டு வைக்கிறதாகச் சொன்னீர்கள். கையில் இருந்தால் செலவாகிவிடும் என்றீர்கள், நல்லது என்று நானும் பேசாமல் இருந்தேன். இந்தத் தையோடு கலியாணமாகி மூன்று வருஷம். அப்படியென்றால் தொள்ளாயிரம் ரூபாய் அங்கே நிற்கிறது. முழுவதையும் நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வேண்டிய நூற்றெட்டு ரூபாயை மட்டும் வாங்குங்கள்.

மூன்று வருஷத்தில் நாங்கள் ஒரு வீட்டில் இருந்த நாட்களை எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு. அதில் நீங்கள் காய்ச்சலாய்க் கிடந்தது ஒன்பது. பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. இனியும் லீவுக்கு வந்து போகிற ஆளாக உங்களை வைத்திருக்க எனக்கு விருப்பமில்லை.

பதிலை உடனே எழுதவும்.

உங்கள்,
றஞ்சிதம்

கொட்டாஞ்சேனை,
1938 பெப்ரவரி 16

அன்புள்ள றஞ்சிதத்துக்கு,

நான் சுகம். சரை கிடைத்தது, இருமலும் குறைவு. நீரும் பிள்ளையும் ஐயா, அம்மாவும் சுகமாயிருப்பதை அறிந்து சந்தோஷம். இத்துடன் வழக்கம்போல இருபத்திரண்டு ரூபாய் மணியோடர் அனுப்பியிருக்கிறேன்.

வீட்டு விஷயம் வாசித்தேன். அவசரப்படுகிற காரியமல்ல என்பது என் எண்ணம். வெள்ளவத்தைக் கிணறுகள் கடலோரமாக இருப்பதால் உப்புத் தண்ணீர். கடற்காற்று பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளுமோ தெரியாது. எனக்கும் அங்கிருந்து தினமும் கொட்டாஞ்சேனைக்கு வர ரயிலுக்கு ஒரு செலவு, ட்ராமுக்கு ஒரு செலவு. அண்ணரோ அரசாங்க உத்தியோகத்தர், கோறணமேந்துக் கந்தோரில் நாலரை மணிக்கு வேலை முடித்து எழும்பிவிடுவார். எங்கள் கடை அப்படியல்ல. துறைமுகத்தில் கப்பல் நின்றால் கயிறும் தாரும் பெயின்ற்றும் ஏற்றி முடியும்வரை இருக்கவேண்டும்.

தாஸிம் முதலாளியிடம் காசைப் பற்றி மெல்லக் கதைத்தேன். "பாப்பம்" என்றார். அவருக்கு இப்போது உடம்பு சரியில்லை, நெஞ்சு வருத்தம். பேருவளையில் மகள் வீட்டில் கொஞ்ச நாள் போய் இருக்கப் போகிறார். இந்த நேரத்தில் நெருக்குவது அழகல்ல. தவிர இதை அண்ணரிடம் சொல்லவேண்டாம், அவர் வீணாக மனம் குழம்புவார்.

பிள்ளையின் சட்டைக்கு அளவு அனுப்பவும்.

இப்படிக்கு,
நாகேந்திரம்

மட்டுவில்,
1938 மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

எல்லாரும் சுகம். பிள்ளைக்கு ஒரு கடைவாய்ப் பல் வருகிறது, அந்த அழுகையைத் தவிர வேறு குறையில்லை. உங்கள் நெஞ்சுச் சளி எப்படி?

முதலாளி "பாப்பம்" என்றாராம். எங்களுடைய காசைப் பார்ப்பதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? கிணற்றுத் தண்ணீர் உப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அண்ணியும் இரண்டு பிள்ளைகளும் அந்தத் தண்ணீரைத்தான் ஆறு வருஷமாகக் குடிக்கிறார்கள், இன்னும் ஒருவரும் கருவாடாகவில்லை.

அண்ணரிடம் சொல்லவேண்டாம் என்ற கடிதம் வருமுன்னமே நான் அவருக்கு எழுதிவிட்டேன். அவர் உடனே பதில் போட்டார். கலியாணம் பேசினபோது நீங்கள் ஐயாவிடம் கொடுத்த சம்பள உடன்படிக்கை எங்கே என்று கேட்டார். அது ஐயாவின் பெட்டகத்தில் என் சீதன உறுதியோடு பத்திரமாகத்தான் கிடக்கிறது. ஐயா எடுத்து விரித்தார். அவருக்கு இங்கிலீசு தெரியாது. ஆனாலும் முத்திரையையும் அதன் மேலுள்ள கையெழுத்தையும் விரலால் தடவிப் பார்த்து, "இதுக்கு மேல என்ன பிள்ளை வேணும்?" என்றார். கோறணமேந்து உத்தியோகம் இல்லாத மாப்பிள்ளை என்று தயங்கின மனிசன் அந்தக் கடுதாசியைக் கண்டபிறகுதான் சம்மதித்தவர் என்பது உங்களுக்குத் தெரியும்.

கடுதாசியை நேற்று றெஜிஸ்தர் தபாலில் அண்ணருக்கு அனுப்பிவிட்டேன். உங்களுக்குக் கேட்கக் கூச்சம். அண்ணருக்கு அந்த வருத்தம் கிடையாது.

எனக்கு ஒன்று தெரிந்தாகவேணும் அத்தான். அந்த இருபத்தைந்து ரூபாய் மாதாமாதம் எங்கே இருக்கிறது? இருக்கிற இடம் தெரிந்தால் போதும், எடுப்பது பிறகு பார்க்கலாம். மாசியில் வருவதாகச் சொன்னீர்கள், இன்னும் வரவில்லை. உங்கள் சட்டைகளுக்குப் பொத்தான் யார் தைக்கிறார்கள் என்றும் எழுதவும்.

உங்கள்,
றஞ்சிதம்

கொட்டாஞ்சேனை,
1938 மார்ச் 8

றஞ்சிதத்துக்கு,

நான் சுகம். நீங்கள் எல்லாரும் சுகமென்று நம்புகிறேன்.

கடுதாசியை ஏன் அனுப்பினீர்? என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அது ஐயாவின் கையில் இருக்கவேண்டிய கடுதாசி, ஊர் சுற்றவேண்டிய கடுதாசி அல்ல. இது என் வேலை, என் முதலாளி. பிறத்தியார் இதில் கை வைத்தால் எனக்கு வேலையே இல்லாமல் போகும்.

இன்றே அண்ணருக்கு எழுதி அதைத் திருப்பி வாங்கும். நானும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தைக்குப் போய்க் கேட்கிறேன். காசு எங்கும் ஓடிப்போகாது. வீட்டைப் பற்றிப் பிறகு ஆறுதலாகக் கதைப்போம்.

பொத்தான் நானேதான் தைக்கிறேன்.

இப்படிக்கு,
நாகேந்திரம்

வெள்ளவத்தை,
1938 மார்ச் 29

மைத்துனர் நாகேந்திரம் அவர்கட்கு இராசரத்தினம் எழுதுவது.

இங்கே யாவரும் நலம். நீர் முன்பு வந்தபோது முகம் வாடியிருந்தது என்று எங்கள் வீட்டுக்காரி பத்மாவதி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். உடம்பைக் கவனித்துக்கொள்ளும்.

அன்றைக்கு நீர் இரண்டு மணித்தியாலம் இருந்தீர். "விடுங்கோ அண்ணை, விடுங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னீர். ஏன் விடவேண்டும் என்று கேட்டதற்கு ஒரு காரணமும் சொல்லவில்லை. ஒருவரின் உப்பைத் தின்றவர் அவருக்கு எதிராக வாய் திறக்கத் தயங்குவது நல்ல குணந்தான். ஆனால் அந்த நல்ல குணத்துக்கு என் தங்கை மூன்று வருஷம் வாடகை கட்டிவிட்டாள்.

எனவே நானே காரியத்தில் இறங்கினேன். கோட்டில் எங்கள் ஊரவர்களின் வழக்குகளைப் பேசுகிற பிரக்கிராசியார் ஒருவரிடம் உடன்படிக்கையைக் காட்டினேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். வாய்ப்பேச்சில் பேசின சம்பளமானால் ஒரு வருஷத்துக்கு மேல் பின்னோக்கிக் கேட்க ஏலாதாம். எழுத்தில் இருந்தால் ஆறு வருஷம் செல்லுமாம். முத்திரை ஒட்டி, அதன் மேல் கையெழுத்தும் இருப்பதால் முதலாளி எந்தப் பக்கமும் அசைய முடியாதாம். "இதை எழுதினவன் கெட்டிக்காரன்" என்றும் சொன்னார்.

ஏப்ரில் முதலாந் திகதி கடை விலாசத்துக்கு நோட்டீஸ் போகும். கிடைத்துப் பதினாலு நாளுக்குள் தொள்ளாயிரம் ரூபாயும் கட்டவேண்டும், இல்லாவிட்டால் வழக்கு. நீர் முகம் கொடுக்கமாட்டீர் என்று தெரிந்தபடியால் உமக்காக நானே பொறுப்பெடுத்து, பிரக்கிராசியாரின் பத்து ரூபாயையும் கட்டிவிட்டேன். வழக்கென்று வந்தால் நீர் ஒரு கையெழுத்து வைத்தால் போதும்.

வேலை போனால் போகட்டும், வேறு பார்ப்போம். தைரியமாயிரும்.

இப்படிக்கு,
வே. இராசரத்தினம்

பேருவளை,
1938 மார்ச் 31

786

கிளாக்கர் நாகேந்திரம் அவர்களுக்கு தாஸிம் எழுதுவது.

ஆண்டவன் கிருபையால் நெஞ்சு வருத்தம் குறைவு. மகள் பைறோஸா கஞ்சியைத் தவிர ஒன்றும் தருகிறாளில்லை. நீரும் ஊரில் உம் குடும்பத்தாரும் சுகமாயிருக்க வேண்டும்.

கடையைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் மச்சினன் மகன் மர்ஸூக், "வெளியாளை நம்பிக் கடையை விட்டுவிட்டு எப்படி நித்திரை கொள்கிறீர்கள் மாமா?" என்று கேட்டான். நாகேந்திரம் இருக்கிறபடியால்தான் நித்திரை கொள்கிறேன் என்று சொன்னேன். இங்கிலீசுக் கடிதங்களை வழக்கம்போல நீரே திறந்து பதில் எழுதும். முக்கியமானது ஏதும் வந்தால் மட்டும் தமிழில் எனக்கு எழுதி அனுப்பும்.

சும்மா படுத்துக் கிடக்கிற மனிதனுக்குப் பழைய காரியங்கள்தான் ஞாபகம் வரும். உம் கலியாணம் பேசின காலத்தில், பெண் வீட்டார் அறுபதுக்குக் குறைந்த சம்பளத்துக்குச் சம்மதிக்கமாட்டார்கள் என்று நீர் வந்து நின்றீர். நாற்பது ரூபாய் எடுக்கிற உமக்கு அறுபத்தைந்து என்று எழுதின தாளில் நான் கையெழுத்து வைத்தேன். கலியாணம் நல்ல காரியம், அதற்கு உதவுவது நன்மை என்று அப்போது பட்டது. இப்போது அது மனதை உறுத்துகிறது. பொய்யென்று தெரிந்து கையெழுத்து வைத்தேனே.

அறுபத்தைந்து தர என்னால் ஏலாது, வியாபாரம் நீர் அறிந்தது. ஆனாலும் ஜூலை மாதம் தொடக்கம் ஐந்து ரூபாய் கூட்டி நாற்பத்தைந்து தருவதாக மனதில் நிய்யத்து வைத்திருக்கிறேன். மீதிக்கு ஆண்டவன் என்னை மன்னிக்க வேண்டும்.

உம் நன்மையை நாடும்,
தாஸிம்

கொட்டாஞ்சேனை,
1938 ஏப்ரில் 5

மகா கனம் பொருந்திய முதலாளி தாஸிம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் சுகமடைந்து வருவதை அறிந்து மிகுந்த சந்தோஷம். கடையில் எல்லாரும் சுகம்.

சனிக்கிழமை வந்த கப்பலுக்குக் கயிறு பன்னிரண்டு சுருளும் தார் எட்டுப் பீப்பாவும் கொடுத்தாயிற்று. ஏஜென்ற் கந்தோரிலிருந்து பெயின்ற் விலை கேட்டு வந்த கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டேன்.

சம்பளம் கூட்டித் தருவதாக எழுதியிருந்தீர்கள். நன்றி சொல்ல வார்த்தை வரவில்லை.

வேறு முக்கியமான கடிதம் எதுவும் வரவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
நாகேந்திரம்

கொட்டாஞ்சேனை,
1938 ஏப்ரில் 13

அன்புள்ள றஞ்சிதத்துக்கு,

வெகுதானிய வருஷம் பிறந்திருக்கிறது. நீங்கள் எல்லாரும் சுகமாயிருக்கவேண்டும் என்று காலையில் கோயிலில் நின்று கும்பிட்டேன். உடம்பளவில் நானும் சுகம்.

இந்தக் கடிதத்தை ஒருவரும் இல்லாத இடத்தில் வாசியும்.

முதலாளியிடம் என்னுடைய காசு ஒரு சதமும் இல்லை. என் சம்பளம் நாற்பது ரூபாய். கலியாணத்துக்கு முன்னும் நாற்பது, இப்போதும் நாற்பது. ஐயாவின் பெட்டகத்தில் கிடந்த கடுதாசி பொய். அதை நானே இங்கிலீசில் எழுதி முதலாளியிடம் கெஞ்சிக் கையெழுத்து வாங்கினேன். அவர் வெறும் தாளில் வைத்தால் போதுமென்றார். முத்திரை ஒட்டினால்தான் ஐயா நம்புவார் என்று ஒட்டினவனும் நான்தான். இதை எழுதினவன் கெட்டிக்காரன் என்று அண்ணரின் பிரக்கிராசியார் சொன்னாராம், அது என்னைத்தான்.

உம்மைப் பார்த்துவிட்டு வந்த நாளில் எனக்கு வேறு யோசனை ஒன்றும் இருக்கவில்லை. உம்மைக் கட்டவேண்டும், அவ்வளவுதான். பிறகு முதல் மாதமே நீர் சம்பளக் கணக்குக் கேட்டீர். வாயில் வந்தது, மிச்சத்தை முதலாளியிடம் விட்டு வைத்திருக்கிறேன் என்று. அந்த ஒரு சொல்லை மூடத்தான் மூன்று வருஷமாகச் சொல் தேடுகிறேன்.

நோட்டீஸ் இரண்டாந் திகதி கடைக்கு வந்தது. இங்கிலீசுக் கடிதம், ஆகையால் என் மேசைக்கே வந்தது. நானே உறையைக் கிழித்தேன். "எங்கள் கட்சிக்காரர் நாகேந்திரம்" என்று தொடங்குகிறது. தாங்கள் வேண்டுமென்றே அவருடைய கூலியைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்கிறது. மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். முக்கியமான கடிதம் ஒன்றும் வரவில்லை என்று அந்த மனிதருக்கு என் கையாலேயே எழுதினேன். பதினொரு நாளாக அது லாச்சிக்குள் கிடக்கிறது. தபாற்காரன் படி ஏறினால் நானே முந்தி எழும்பிப் போய்க் கடிதங்களை வாங்குகிறேன்.

வழக்குப் போட்டால் வெல்லுமாம். என் பயமே அதுதான். தோற்கிற வழக்கானால் ஒருவேளை பேசாமல் இருந்திருப்பேன். ஒரு நாள் மத்தியானம் சோற்றுக்கு முன்னால் இருந்து யோசித்தேன், தொள்ளாயிரம் வந்தால் நீரும் பிள்ளையும் வரலாம், ஒருவருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை என்று. யோசித்தேன் றஞ்சிதம். மறைக்கவில்லை. எனக்கு உதவி செய்ததைத் தவிர அந்த மனிதர் ஒரு குற்றமும் செய்யவில்லை.

இன்று முதலாளிக்கும் உள்ளதை எழுதி, நோட்டீசையும் அதோடு பேருவளைக்கு அனுப்புகிறேன். தவணைக்கு இன்னும் மூன்று நாள். அண்ணரிடமும் போவேன். உம்மிடம் முதலில் சொல்லாமல் அவர்களிடம் சொல்ல மனம் வரவில்லை.

திட்டியாவது ஒரு வரி எழுதும்.

நாகேந்திரம்

கொட்டாஞ்சேனை,
1938 மே 8

அன்புள்ள றஞ்சிதத்துக்கு,

நான் சுகம். உம்மிடமிருந்து நாலு கிழமையாகக் கடிதம் இல்லை. மணியோடரை நீர் வாங்கினதாகத் தபாற்கந்தோர்ச் சீட்டு மட்டும் வந்தது. அந்தச் சீட்டிலுள்ள உம் கையெழுத்தைத்தான் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைக்குப் பல் வந்துவிட்டதா?

நடந்ததை எழுதுகிறேன். என் கடிதம் கிடைத்த மறுநாளே, அதாவது பதினைந்தாந் திகதி, முதலாளி பேருவளையிலிருந்து வந்தார். மர்ஸூக் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறினார். நோட்டீசை என் மேசையில் வைத்தார்.

"வாசிங்க," என்றார்.

"நான் எழுதியிருந்தேனே முதலாளி."

"எழுதினது தெரியும். கடையில வார கடுதாசிய வாசிச்சுச் சொல்றதுதானே ஒங்கட வேல. வாசிங்க."

ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எங்கள் கட்சிக்காரர் என்ற இடத்தில் நிறுத்தினார்.

"கட்சிக்காரர் எண்டா ஆரு?"

"நான்தான்."

"சரி, சொல்லுங்க."

முடியும்வரை கேட்டார். பிறகு, "என்ட சைன்தானே. வேற ஆளுட சைன் இல்லயே. அப்ப நான்தானே குடுக்கவேணும்," என்றார். கடையை ஈடு வைத்தால் எவ்வளவு வரும் என்று மர்ஸூக்கிடம் கேட்டார். விளையாட்டுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்த நேரத்தில் எனக்கு நிலம் பிளந்து உள்ளே இழுத்தால் நல்லது என்றிருந்தது.

அன்று பின்னேரமே பிரக்கிராசியாரிடம் போனேன். அண்ணரும் வந்திருந்தார். உடன்படிக்கையிலுள்ள சம்பளம் உண்மையல்ல, எனக்கு வரவேண்டிய காசு எதுவுமில்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். "வெல்லுற வழக்கை வந்து கெடுக்கிற ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்றார் பிரக்கிராசியார். படியிறங்கும்போது அண்ணர், "என்ர தகப்பனுக்கு இங்கிலீசு தெரியாது எண்டுதானே இங்கிலீசில எழுதினனீர்?" என்று கேட்டார். நான் அப்படி நினைத்து எழுதவில்லை. அதை உம்மிடம் மட்டும் சொல்கிறேன்.

அந்தப் பொய்க் கடுதாசியை அண்ணர் முதலாளியிடம் கொடுத்துவிட்டார். முதலாளி அதை எரித்துவிட்டு, புதிதாக ஒன்று தமிழில் தன் கையாலே எழுதினார். சம்பளம் நாற்பத்தைந்து ரூபாய், இம்மாதம் முதல். இருவரும் கையெழுத்து வைத்தோம். வேலை போகவில்லை. ஆனால் தபால் பையை இப்போது மர்ஸூக்தான் திறக்கிறான். வாசிக்கவேண்டியதை மட்டும் என் மேசைக்குக் கொண்டுவந்து, வாசித்து முடியும்வரை பக்கத்தில் நிற்கிறான். முதலாளி என்னை ஏசியிருந்தால் இவ்வளவு நோகாது.

இதுதான் முழுவதும். இனி உமக்குச் சொல்ல என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

நாகேந்திரம்

மட்டுவில்,
1938 மே 29

அத்தானுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். பல் வந்துவிட்டது. உங்கள் சுகத்தையும் அறிய விருப்பம், அதில் மாற்றமில்லை.

வருஷப் பிறப்புக் கடிதத்தை மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். வாசித்துவிட்டுச் சிரித்தேன். உங்களுக்கு விளங்காது. நானும் ஒன்றை உங்களுக்கு எழுதாமல் வைத்திருந்தேன். வீட்டு முற்பணத்துக்காக நான் கடுதாசியை அண்ணரிடம் அனுப்பவில்லை. அறுபத்தைந்து எடுக்கிற மனிதர் பதினெட்டு ரூபாய் வாடகைக்கு இவ்வளவு சாட்டுச் சொல்கிறாரே, மாதம் இருபத்தைந்து கொழும்பில் வேறு ஏதோ வீட்டுக்குப் போகிறது என்று நினைத்தேன். ஒரு வருஷமாக அந்த நினைப்போடுதான் உங்களுக்குச் சுகம் விசாரித்து எழுதினேன். அண்ணர் கடையில் போய்க் கேட்டால் அவள் யாரென்று வெளிவரும் என்று காத்திருந்தேன். அவள் இல்லை, காசுதான் இல்லை என்று அறிந்ததும் சிரிக்காமல் என்ன செய்வது? அன்றைக்கே உங்களை மன்னித்துவிட்டேன். பதில் எழுதத் தாள்கூட எடுத்து வைத்தேன்.

அதற்குள் அண்ணர் லீவில் வந்தார். ஐயாவும் அவரும் கத்தினதை எழுதிப் பயனில்லை. ஐயா இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, குற்றம் செய்தது நான் போல. ஆனால் அண்ணர் இன்னொன்றையும் சொன்னார். கடுதாசியைக் கொடுக்கப் போனபோது முதலாளி அவரிடம் சொன்னாராம், "கடைக்கு மேல அறயும் குசினியும் சும்மா கெடந்திச்சு. பொஞ்சாதிய கூட்டிட்டு வாங்க, வாடக வேணாம் எண்டு மூணு வருஷமா சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளல்ல" என்று. இப்போது அதில் மர்ஸூக் குடியிருக்கிறானாம்.

இது உங்கள் வருஷப் பிறப்புக் கடிதத்தில் இல்லை. முழுவதும் இதுதான் என்று எழுதின கடிதத்திலும் இல்லை.

நான் வந்தால் சம்பளம் தெரிந்துவிடும் என்றுதானே வேண்டாம் என்றீர்கள்? நாற்பது ரூபாயோடு அந்த அறைக்கு நான் வந்திருப்பேன் அத்தான். நாற்பது இல்லை, முப்பது என்றாலும் வந்திருப்பேன். சம்பளத்தைக் கூட்டிச் சொன்னது ஐயாவுக்கு. அது அவர்பாடு. வாடகையில்லாத அறையை ஒளித்தது எனக்கு. இதற்காகத்தான் இத்தனை நாளாக எழுதவில்லை. கோபம் இன்னும் ஆறவுமில்லை.

ஆனால் ஆறட்டும் என்று இங்கே இருந்தால் இன்னும் மூன்று வருஷம் போகும். கோபத்தோடேயே வருகிறேன். வெள்ளிக்கிழமை இரவு மெயிலில் சாவகச்சேரியில் ஏறுகிறோம். சனி காலை மருதானை ஸ்டேஷனில் நில்லுங்கள். கொட்டாஞ்சேனையில் எட்டு ரூபாய்க்குள் ஒரு அறை பாருங்கள். கிடைக்காவிட்டாலும் வருவேன், எங்கே இருப்பது என்பது உங்கள் கவலை.

ஒன்று மட்டும் முன்னுக்கே சொல்லி வைக்கிறேன், ஸ்டேஷனில் வைத்து முகம் வாடவேண்டாம். லீவில் வந்து மிட்டாய் கொடுக்கிற ஆண்களையெல்லாம் பிள்ளை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். உங்களையும் அப்படித்தான் கூப்பிடுவாள். நான் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன், கேட்கிறாளில்லை. நீங்கள்தான் பக்கத்தில் இருந்து மாற்றவேணும்.

றஞ்சிதம்